எட்டு மில்லிமீட்டர்

முதல் தட்டு பத்தேகாலுக்கு லிஃப்டில் இறங்கி வந்தது. இரண்டாவது மாடியில் யாரோ ஒருவருடைய கழுத்தில் அப்போதுதான் தையல் போட்டு முடித்திருப்பார்கள். அடித்தளத்தில், ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கழுவும் அறையில், அவள் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு தட்டின் மேலிருந்த பச்சைத் துணியை விலக்கினாள்.

பதினோரு வருஷமாக அதே தொட்டி. எவர்சில்வர் தொட்டி, ஆழம் அதிகம், உயரம் குறைச்சல். கட்டினவன் வீட்டில் எல்லோரும் குள்ளமாக இருந்திருக்க வேண்டும் என்று அவளே கேலி செய்வாள். நிமிர்ந்து நின்றால் கை தண்ணீருக்கு எட்டாது. கையை எட்ட விட்டால் தலை தொங்கிவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் கண்ணில் படுவது தொட்டியின் அடிதான். மேல்மாடிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் தொட்டியக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதிலும் ஓர் எழுத்து தப்பு.

வந்திருந்தது கழுத்துச் செட். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கினால், பிடரியில் எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை போட்டு, அதன் வழியாக ஒரு சாண் நீள எஃகுக் குழாயை உள்ளே விடுவார்கள். அதன் முனையில் கடுகளவு கண்ணாடி. டாக்டர் டி.வி. திரையைப் பார்த்துக்கொண்டே அந்தக் குழாயின் வழியாகவே கருவியை விட்டுப் பிதுங்கலைக் கிள்ளி எடுத்துவிடுவார். மறுநாளே வீட்டுக்குப் போகலாம். ஆஸ்பத்திரி வாசலில் அப்படித்தான் பெரிய பலகையில் எழுதியிருந்தது. பலகையில் ஒரு பெண் தலையைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கோப் என்கிற அந்தக் குழாயை அவள் மருந்துத் தண்ணீரில் அமிழ்த்தினாள். நடுத்துளையில் நீளப் பிரஷை விட்டு இழுத்தாள். பத்து முறை. பிறகு ஊசிக்குழாயில் தண்ணீர் பிடித்துப் பீய்ச்சினாள். அடுத்தது கொக்கு. கொக்கு என்பது அவள் வைத்த பெயர். நீளக் கழுத்தும் குட்டி வாயுமாக இருக்கும் கிள்ளுக்கருவி. அதன் வாயைத் திறந்து பார்த்தால் நண்டுச் சதை மாதிரி வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வியப்புதான். இத்தனூண்டுக்காகவா ஒரு மனுஷன் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்தான்?

கருவி சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க உருப்பெருக்கி விளக்கு ஒன்று சுவரில் இருந்தது. அது எரிந்து இரண்டு வருஷமாகிறது. ஆஸ்பத்திரியில் கேட்டால், உன்னை வேலைக்கு அனுப்பின கான்ட்ராக்ட் கம்பெனியைக் கேள் என்பார்கள்; கம்பெனியைக் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கேள் என்பார்கள். ஆகவே அவள் விரலால் பார்த்தாள். கம்பெனி கொடுக்கும் கையுறை வாரத்துக்கு ஒரு ஜோடி, புதன்கிழமைக்குள் கிழிந்துவிடும். அதற்கப்புறம் வெறுங்கைதான். மருந்துத் தண்ணீர் தின்று தின்று அவள் விரல் நுனிகள் வழவழவென்று பளபளத்தன. வருகைப் பதிவு மிஷினில் விரல் வைத்தால் அது அவளை யாரென்றே தெரியாது என்றது. நாலு வருஷமாக அவளுக்கு மட்டும் தனி நோட்டு. அதில் தினமும் கையெழுத்து. ஆனாலும் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பு மிச்சமிருந்தால் அந்த விரல்கள் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்துக்கொண்டிருந்தன, இரண்டு மாதம் முன்புவரை.

இப்போது வலது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வேறு யாருடையவோ போல இருந்தன. அவள் இடது கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். காற்றுக் குழலால் உலர்த்தி, பொதிந்து, நாடா ஒட்டி, செட்டின் பெயரும் தேதியும் எழுதினாள்.

அறையின் மறுகோடியில் கிருமி கொல்லும் நீராவி மிஷினை ஓட்டுகிறவர் வந்து பொதியை எடுத்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது, காய்ந்த உடம்பு. ஆவி அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஊரிலேயே சோறு தின்கிற ஆவி நான் ஒருத்தன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். நாடாவைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன தங்கச்சி, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு?"

"பேனா சரியில்லண்ணே."

"போன மாசத்துலேருந்தே பேனா சரியில்ல போலிருக்கு."

அவளுடைய எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். புதிதாகச் சேரும் நர்சுகளிடம் ஆபரேஷன் தியேட்டரின் பெரிய சிஸ்டர் அவள் எழுதின நாடாவைக் காட்டி, இப்படி எழுதுங்கள் என்பார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவளுக்கு அது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

வீட்டிலும் மறைக்க முடியவில்லை. காலையில் யூனிஃபார்ம் கோட்டின் பொத்தானைப் போட முடியாமல் போராடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரி ஓட்டுகிற புருஷன் டீயைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான்.

"கல்யாணமான புதுசுல கூட நான் இப்படிப் பண்ணதில்ல" என்றான்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். தோளிலிருந்து முழங்கை வழியாகக் கட்டை விரல் வரைக்கும் மின்சாரம் போல ஒன்று இழுத்தது. வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி வைத்தால்தான் வலி கொஞ்சம் அடங்கியது.

"தலைல கைய வைக்காத. குடி முழுகிப் போன மாதிரி."

"வச்சாத்தாங்க கொறையுது."

அவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பிடரியைத் தடவிக் கொடுத்தான். லாரிக்கு நேரமாகிவிட்டது என்று அவள்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அந்தக் கைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மத்தியானம் தட்டுகளை மேலே ஏற்றிவிட்டு லிஃப்டுக்காகக் காத்திருந்தாள். கை தானாகத் தலைமேல் போய்விட்டது. தியேட்டரிலிருந்து வெளியே வந்த கழுத்து டாக்டர் அவளைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்தார்.

"அம்மா, அந்தக் கைய கீழ எறக்குங்க."

இறக்கினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"வலிக்குது சார். கட்ட வெரல் வரைக்கும் இழுக்குது."

"மறுபடி தலைல வைங்க."

"கொறையுது."

அவர் அங்கேயே, லிஃப்ட் வாசலிலேயே, அவள் முன்கையைப் பிடித்து மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னார். "நான் அமுக்குவேன். விட்டுக்குடுக்காதீங்க." ஒரு விரலால்தான் அமுக்கினார். கை பொத்தென்று விழுந்தது. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும் சார்."

"தெனமும் என் ஸ்கோப்ப நீங்கதான கழுவுறீங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சொன்னால் வேலை போய்விடும் என்று எப்படிச் சொல்வது? அவள் தரையைப் பார்த்தாள். அது அவளுக்குப் பழகின இடம்.

டாக்டர் தன் பொறுப்பிலேயே ஸ்கேன் எடுக்க வைத்தார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில், வரிசையிலிருந்து ஒரு கறுப்புத் துளி வெளியே எட்டிப் பார்த்தது.

"ஒரு மாசத்துக்குள்ள எடுத்துட்டா கை திரும்பி வந்துடும். நாளாச்சுன்னா நான் உத்தரவாதம் குடுக்க முடியாது. நசுங்கின நரம்பு ரொம்ப நாள் பொறுக்காது. என் பங்குக்கு நான் ஒண்ணும் வாங்க மாட்டேன். பயமா இருக்கா?"

"பயம் என்ன சார்? எல்லாம் நான் கழுவுற சாமான்தான." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்த ரெண்டாவது கொக்கு மட்டும் வேணாம் சார். அதுக்கு வாய் சரியா மூடாது."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பதினோரு வருஷத்தில் ஒரு டாக்டரைச் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவளுக்கு வலி குறைவாக இருந்த மாதிரி இருந்தது. கை திரும்பி வரும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அது போதும்.

மறுநாள் அவர் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். அங்கே ஒரு சர்ஜன் வந்ததை ஆவி அண்ணன் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. கும்பிடுவதா ஸ்டூலை எடுத்துப் போடுவதா என்று தடுமாறினார். டாக்டர் தொட்டியின் முன்னால் போய் நின்று, கையை உள்ளே விட்டு, அவளைப் போலவே ஐந்து நிமிடம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது தன் பிடரியைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய ஃபைலில் இரண்டு வரி எழுதினார். தொட்டி தாழ்வாக இருக்கிறது, ஒரு முழமாவது உயர்த்த வேண்டும். நோய் இந்த வேலையால் வந்தது.

நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஃபைல் ஆபீசுக்குப் போனதும் அந்த இரண்டு வரிகள் எல்லோரையும் சுறுசுறுப்பாக்கின.

ஆபீசர் அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"பாருங்கம்மா, நீங்க கம்பெனி ஆளு. எங்க ஸ்டாஃப் கெடையாது. ஆனாலும் டாக்டர் புடிச்ச புடில நிக்கிறார். அதனால ஆபரேஷன் இலவசமா பண்ணிக்குடுக்கச் சொல்லி மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க. ஒரு நிபந்தனை, அன்னைக்குக் கம்பெனி ரோல்ல, வேலையாட்கள் பட்டியல்ல, ஒங்க பேர் இருக்கணும். இன்னொண்ணு, இதுல ஒரு கையெழுத்து."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். மெதுவாக, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். தன்னுடைய கழுத்து நோய்க்கும் தான் பார்க்கும் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவள் முழு மனதுடன் எழுதிக்கொடுப்பதாக அதில் இருந்தது.

"டாக்டர் வேற மாதிரி எழுதிருக்காரே சார்."

"டாக்டர் கத்திய மட்டும் பாத்துக்கிட்டாப் போதும். அவசரம் இல்ல, அட்மிட் ஆகுற அன்னைக்குக் குடுங்க."

வீட்டில் புருஷன் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். "இதுல என்னடி யோசிக்கிறதுக்கு இருக்கு? ஒனக்குக் கை வேணுமா, நெசம் வேணுமா?" என்றான். கேட்டுவிட்டு அவனே வெளியே போய் லாரி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். டயரில் காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். முதலில் ஒரு தையல்காரர், அடுத்தது அவள். புதன்கிழமையிலிருந்தே தொட்டிப் பக்கம் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கம்பெனி சூப்பர்வைசர் போன் பண்ணினான்.

"அக்கா, நாளைக்கு நீங்க படுத்துருவீங்க. இன்னைக்கு மட்டும் வந்து முடிச்சுக் குடுத்துருங்க. இந்தக் கொழாய் சமாசாரம் வேற யாருக்கும் தெரியாது. லீவு போட்டீங்கன்னா ரோல்ல பிரச்சனை வரும், பாத்துக்குங்க."

ரோல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

அன்று அவள் ஆவி அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் வேலை செய்தாள். நாளைக்கு முதல் கேஸ் முடிந்து செட் கீழே வரும்போது கழுவப் போவது அவர்தான்.

"பத்து தடவ பிரஷ் விடணும்ணே. எண்ணிக்கிட்டே விடு. நடுவுல யாரு கூப்பிட்டாலும் திரும்பாத. அடுத்தது என் கழுத்துக்குள்ள போகப்போறது."

"பதினஞ்சு தடவ விடுறேன் போதுமா? உன் கழுத்துக்கு அஞ்சு இனாம்."

பெரிய சிஸ்டர் தட்டோடு தானே இறங்கி வந்தார். "நாளைக்குக் காலைல முத கேஸ் முடிஞ்சதும் செட் ஒங்ககிட்ட வந்துரும்க்கா" என்று வழக்கம்போல ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாருங்க என் புத்திய. நாளைக்கு ஒங்ககிட்ட வராது. ஒங்களுக்குத்தான் வரும்." மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஸ்கோப்பை அவள் கழுவினாள். அன்று அவளும் பதினைந்து தடவை பிரஷ் விட்டாள். உலர்த்தினாள். கடைசியாக ஒரு வேலை பாக்கி. கண்ணாடி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேஜையில் வைத்து, வெள்ளைத் தாளைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்பது பயிற்சி கொடுக்க வந்தவர்கள் சொன்ன முறை. அவளுடைய முறை வேறு. ஸ்கோப்பைக் கண்ணருகில் தூக்கிப் பிடித்து, எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியைப் படிப்பாள். எண் கூர்மையாகத் தெரிந்தால் கண்ணாடி சுத்தம். பதினோரு வருஷமாகத் தினமும் அப்படித்தான். தினமும் வலது கையால்தான்.

இரண்டு மாதமாக ஜாக்கிரதையாக இடது கைக்கு மாற்றி வைத்திருந்தாள். அன்று சந்தோஷத்தில் மறந்துபோனாள். சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே வலது கை, தன் வழக்கப்படி, ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு உயர்ந்தது. காலண்டரில் நாளைய தேதியைச் சுற்றி ஆவி அண்ணன் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். கூர்மையாக இருந்தது. அப்புறம் எண் மறைந்துவிட்டது. விரல்கள் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியின் விளிம்பில் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. நாக்கால் ஒரு தரம் சொடுக்கின அளவுதான். ஸ்கோப் தொட்டிக்குள் உருண்டு நின்றது.

இடது கையால் எடுத்து மறுபடியும் காலண்டரைப் பார்த்தாள். நாளைய தேதியின் மேல் பிறை போல ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. விரல் நுனியால் கண்ணாடியைத் தொட்டாள். இடது விரலுக்கு நன்றாகத் தெரிந்தது, ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது.

ஆவி அண்ணன் மிஷினை அணைத்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் இருந்த கேலியெல்லாம் வடிந்துவிட்டது. கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நான் எதையும் பாக்கல" என்றார். "பொட்டலம் கட்டிரு தங்கச்சி. நான் மிஷின்ல வச்சிருறேன். மேல போய்த் தெறந்து பாக்கும்போது ஒடைஞ்சதா இருக்கட்டும். யாரு கண்டா?"

"அந்தத் தையக்காரரு?"

"மொதல்ல செக் பண்ணித்தான உள்ள விடுவாங்க."

"பண்ணலன்னா?"

செட்டை நம்பித்தான் மேலே எல்லாம் நடக்கிறது என்பது ஆவி அண்ணனுக்கும் தெரியும். அவள் எழுதின நாடாவைப் பார்த்தால் போதும் என்று பெரிய சிஸ்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். கண்ணாடித் தூள் ஒன்று, கடுகில் பாதிகூட இல்லாத ஒன்று, முன்பின் தெரியாத ஒருவருடைய நரம்பின் மேல் போய் உட்காருவதை அவள் நினைத்துப் பார்த்தாள். நண்டுச் சதை மாதிரி எத்தனை துணுக்குகளைப் பதினோரு வருஷம் கழுவிக் கழுவி எடுத்திருக்கிறாள்.

நாடாவை எடுத்தாள். பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, உடைந்தது என்று எழுதினாள். தேதியும் எழுதினாள். ஸ்கோப்பைத் துணியில் சுற்றி, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனாள். இரண்டாவது மாடி வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அழுகை வந்ததால்தான் நின்றாள். மூச்சு வாங்கினதால் இல்லை.

டாக்டர் ஸ்கோப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலேயே கழுத்துக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

அவள் வலது கையைக் காட்டினாள்.

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. புது ஸ்கோப் வர ஆறு வாரமாவது ஆகும் என்றார். முன்பக்கமாகத் திறந்தும் செய்யலாம், ஆனால் அதற்குத் தகடு, திருகாணி எல்லாம் வாங்க வேண்டும், ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது, இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். தையல்காரரை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் இன்ஷூரன்ஸ் வைத்திருந்தார்.

டாக்டர் கேட்டும் பார்த்தார். உடைந்ததை அந்தப் பெண் மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆபீசரிடம் உரக்கவே பேசியதாகப் பெரிய சிஸ்டர் வந்து சொன்னார். மறைத்திருந்தால் என்ற வார்த்தையை ஆபீசர் குறித்துக்கொண்டு, வேறு எதை மறைத்தாள் என்று அவள் ஃபைலைப் புரட்டினார். கை சரியில்லை என்பதை இரண்டு மாதம் மறைத்த விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.

ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னான். "ஆஸ்பத்திரிலேருந்தே லெட்டர் வந்துருச்சுக்கா. கை பலமில்லாத ஆள அந்த எடத்துல போடக் கூடாதாம். நான் என்ன பண்ண?" ரோலில் பெயர் போனதோடு ஆபரேஷனும் போயிற்று. அதை யாரும் தனியாக வந்து சொல்லவில்லை.

புருஷன் லாரியை நிறுத்திவிட்டுப் பொது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மரப் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்து, சீட்டு வாங்கினார்கள். எட்டு மாதம் தள்ளித் தேதி போட்டிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, தேதி தப்பாக விழுந்திருக்கிறது என்று ஜன்னலில் போய்க் கேட்டுவிட்டு வந்தான். தப்பில்லை என்றார்கள்.

ஐந்தாவது வாரத்தில் வலி குறைந்தது. அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். வலி குறைந்தாலும் கை நிமிரவில்லை. மணிக்கட்டு தொங்கினபடியே இருந்தது. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துத்தான் கட்டை விரலில் வெட்டுப்பட்டது தெரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, விரலைப் பார்த்து அழுதாள். கையைத் தலைமேல் வைக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. அவன் வேலையிலிருந்து வந்து, அவள் கை மடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "தலைல வச்சுக்கடி, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான்.

ஆறாவது வாரம் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. கடைசி மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பலகைப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நடைபாதையில் கழுத்து டாக்டர் எதிரே வந்தார். "பேசிப் பாத்தேம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் அவள் வலது கையைப் பார்த்தார். தொட்டுப் பார்க்க வந்தவர் போலக் கையை நீட்டி, பிறகு தன் பையில் போட்டுக்கொண்டார். "தியேட்டருக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசரின் மேஜைமேல் ஒரு நீளப் பெட்டி இருந்தது, அன்றைக்குத்தான் பிரித்தது. பஞ்சு மெத்தையில் புது ஸ்கோப். அவள் பேச்சைக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கண்ணாடி வழியாகக் காலண்டர் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது.

"கேக்குறீங்களாம்மா? ஸ்கோப் ஒடைச்சதுக்கு ஆஸ்பத்திரி ஒங்க மேல எந்த நடவடிக்கையும் எடுக்காது. நல்ல மனசோட விட்டுர்றோம். இதுல மட்டும் ஒப்புக்கிட்டுப் போங்க."

காகிதம் பழையதுதான், கூட இரண்டு வரி சேர்ந்திருந்தது. கை பலவீனத்தைத் தெரிந்தே மறைத்தேன். கருவி உடைந்தது என் அஜாக்கிரதையால். என் நோய்க்கும் என் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் கடைசி வரியைத் திரும்ப ஒரு தடவை படித்தாள்.

"தொட்டிய ஒசத்திட்டீங்களா சார்?"

"எந்தத் தொட்டி?"

பக்கத்து மேஜையிலிருந்த கிளார்க் பேனாவை நீட்டினார். அவள் வாங்கினாள். விரல்களுக்கு நடுவில் பேனா நின்றது. எழுதக் குனிந்தபோது சாய்ந்து மேஜையில் விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தாள். பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு வளைவு மட்டும் வந்தது, மீதி இழுத்துக்கொண்டு காகிதத்தை விட்டு வெளியே போனது. அச்சடித்த மாதிரி எழுதின பெயர்.

"எடது கையால போடட்டுமா?"

"அது செல்லாதும்மா. பதிவுல இருக்கிற கையெழுத்து மாதிரி இருக்கணும்." கிளார்க் இழுப்பறையைத் திறந்து மைப்பெட்டியை எடுத்தார். "கைநாட்டு வச்சிருங்க."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் சார்" என்றாள்.

"தெரியும்மா. நேரமாகுது."

அவளுடைய வலது கட்டை விரலைக் கிளார்க்கே பிடித்து, மையில் ஒற்றி, கடைசி வரிக்குக் கீழே அழுத்தினார். அவள் பெட்டிக்குள் இருந்த ஸ்கோப்பைப் பார்த்தபடி காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வச்சாச்சா சார்?" என்று கேட்டாள்.

கிளார்க் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா இது, ரேகையே விழல? நல்லா அழுத்துங்க."

இன்னொரு தடவை வைத்தார்கள். மைப்பெட்டியில் இரண்டு சொட்டு மை விட்டு மூன்றாவது தடவையும் வைத்தார்கள். ஆபீசர் எட்டிப் பார்த்து, போதும் விடுங்கள் என்றார். காகிதம் காய்வதற்காக மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். சம்பந்தமில்லை என்ற வார்த்தைக்கு அடியில் மூன்று நீலப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. பளிங்கு மாதிரி வழவழவென்று, ஒன்றிலும் ஒரு கோடு இல்லாமல்.